இல்லாத சேனலுக்கு ஒரு லோகோ

ஜோகுபாளையத்தில் தூறல் விழ ஆரம்பித்தால் ஜனங்கள் குடையைத் தேடுவதற்கு முன் போனைத் தேடுவார்கள். கேபிள் சுந்தரமூர்த்தியின் வீட்டு நம்பர் அங்கே குழந்தைகளுக்குக்கூட மனப்பாடம். மொட்டை மாடிக்கு மொட்டை மாடி தாவிப் போகிற கறுப்பு வயரில் எங்கேயோ ஒரு ஜாயின்ட்டுக்குள் தண்ணீர் இறங்கும். உடனே நாலு தெருவிலும் கதாநாயகிகளுக்கு மூக்கு இரண்டாகும். போனை எடுப்பது சுந்தரமூர்த்தியின் மனைவி ரத்தினம்மாளின் வேலை. எடுத்ததும், "ஆள் வந்துகினே கீது" என்பாள். பேசுவது யார், என்ன புகார் என்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

அந்த ஆள் டெஸ்மண்ட். லிங்கராஜபுரத்திலிருந்து சைக்கிளில் வருகிறவன். கேபிளின் மேல்தோலைப் பல்லாலேயே உரிப்பான். உள்ளே இருக்கும் செம்புக் கம்பியைத் துடைத்து, ஊதி, சட்டையில் இன்னொரு தரம் துடைத்து, கனெக்டரில் திருகி, அதன்மேல் டேப்பைச் சுற்ற ஆரம்பித்தால் அடிபட்ட விரலுக்குக் கட்டுப்போடுகிற நர்ஸ் மாதிரி இருக்கும். மாடிகளில் காயும் புடவைகளை ஒதுக்கிக்கொண்டு, "எக்ஸ்கியூஸ் மீ ஆன்ட்டி, லைன்" என்று சொல்லியபடியே அவன் ஜோகுபாளையத்தைத் தரையில் கால்படாமல் கடந்துவிடுவான்.

காவேரித் தண்ணீர்த் தகராறு முற்றியிருந்த அக்டோபர் அது. தமிழ்ச் சேனல்களைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வையுங்கள் என்று யாரோ வந்து மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மரியாதையாகச் சொன்னதுதான் சுந்தரமூர்த்திக்குப் பயமாக இருந்தது. நிறுத்திவிட்டார். நிறுத்தியதும் தெருவில் பாதி வீடு அவரைத் திட்டியது. தெருமுனையில் இன்னொரு கேபிள்காரன் பழனிச்சாமி தன் வயரை அதுவரை இழுத்துக்கொண்டுவந்து, கம்பத்தில் சுருட்டித் தொங்கவிட்டிருந்தான். தினமும் பால் வாங்கப் போகும்போது சுந்தரமூர்த்தி அந்தச் சுருளைப் பார்ப்பார். நேற்றைவிடச் சுருள் சின்னதாகியிருக்கிறதா என்று பார்ப்பார்.

தமிழ்ச் சேனல்கள் போனபிறகு அவரிடம் மிச்சமிருந்தது சொந்த வீடியோ சேனல். மாடிப்படிக்குக் கீழே, துடைப்பமும் சிலிண்டரும் இருக்கவேண்டிய இடத்தில், அடுக்கடுக்காகப் பெட்டிகள் சூடாக உட்கார்ந்திருக்கும். அவற்றுக்கு ஒரு டேபிள் ஃபேன் உண்டு. மனிதர்களுக்குக் கிடையாது. அங்கிருந்துதான் தகராறு இல்லாத நாளில் மத்தியானம் ஒரு தமிழ்ப் படம், சாயங்காலம் ஒரு கன்னடப் படம், நடுவே பிரியாணிக் கடை விளம்பரம் எல்லாம் கிளம்பும். விளம்பர எழுத்து ஓடுவதற்காகச் சிவாஜிநகரில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தார். அந்த சேனலுக்குப் பெயர் கிடையாது. "நம்புளது" என்பார்கள் வீட்டில்.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் மகன் ஹரிஷ்குமார் கல்லூரி வேலையையும் செய்துகொண்டிருந்தான்.

ஹரிஷ் ஜர்னலிசம் படித்துக்கொண்டிருந்தான். கடைசி வருடம். இல்லாத ஒரு டிவி சேனலைக் கற்பனை செய்து, அதற்கு லோகோ வரைந்து, எந்த வண்ணம் எதற்கு என்று காரணமும் எழுதிக்கொண்டு வரவேண்டும் என்பது வீணா மேடம் கொடுத்த ப்ராஜெக்ட். அதில் மார்க் வராவிட்டால் ஹால் டிக்கெட் வராது. ஹால் டிக்கெட் வராவிட்டால் வருடம் போகும். வருடம் போனால் என்ன ஆகும் என்பதை சுந்தரமூர்த்தி ஏற்கெனவே சொல்லியிருந்தார்: "டெஸ்மண்ட் பின்னாடி ஏணி புடி." ஹரிஷுக்கு மூன்றாவது படியிலேயே தலை சுற்றும்.

வீணா மேடத்துக்கு கிராமம் பிடிக்கும். போன வருடம் மாட்டுவண்டியைப் படம் பிடித்தவனுக்குத்தான் முதல் மார்க். ஆகவே ஹரிஷ் தன் சேனலுக்கு 'நம்ம ஹள்ளி' என்று பெயர் வைத்தான். ஹள்ளி என்றால் கன்னடத்தில் கிராமம். பிறந்ததிலிருந்து அவன் போன ஒரே கிராமம் பன்னேர்கட்டா. அதுவும் புலி பார்க்க. ஒரு பச்சை வட்டம் போட்டான். வட்டத்துக்குள் ஒரு குடிசை, குடிசைமேல் ஒரு ஆன்டெனா. பச்சை விவசாயத்தைக் குறிக்கிறது, வட்டம் பூமியைக் குறிக்கிறது, ஆன்டெனா வளைந்திருப்பது பணிவைக் குறிக்கிறது என்று எழுதினான். மவுஸ் சரியாக வேலை செய்யாததால்தான் ஆன்டெனா வளைந்தது.

கீழே கன்னடத்தில் பெயர். ஹரிஷ் கன்னடத்தில் பேசுவான், பேரம் பேசுவான், சண்டைகூடப் போடுவான். படிக்க மாட்டான். பள்ளியில் அவனுடைய இரண்டாம் மொழி இந்தி. கம்ப்யூட்டரில் கன்னட சாஃப்ட்வேர் ஒன்று இருந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தட்டினால் கன்னட எழுத்தாக விழும். தட்டினான், விழுந்தது. பார்க்க அழகாக, உருண்டையாக, கன்னடமாக இருந்தது. சேமித்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான்.

இதற்கு மறுநாள் கோவிந்தப்பா வந்தார். தெருவின் கன்னட சங்கத் தலைவர். நவம்பர் ஒன்றாம் தேதி, மாநிலம் பிறந்த நாளான ராஜ்யோத்சவத்துக்குக் கொடியேற்றம், ஆர்கெஸ்ட்ரா எல்லாம் அவர் பொறுப்பு. நல்ல மனுஷன். குரல் மட்டும் எப்போதும் மைக் பிடித்த மாதிரியே இருக்கும். ரத்தினம்மாள் காப்பியும், காரம் புரட்டிய காங்கிரஸ் கடலையும் வைத்தாள்.

"ஏன்ரீ சுந்தரமூர்த்தி, ஆர்கெஸ்ட்ராவ லைவ்ல காட்டணும்."

"காட்டிரலாம்ங்க."

"உன் சேனல் பேரு என்ன?"

சுந்தரமூர்த்தி எடுத்த கடலையைத் தட்டிலேயே திரும்பப் போட்டார். "பேரா?"

"பேரு இல்லாத சேனல்ல கன்னடத் தாயக் காட்டுவியா? பழனிச்சாமி கன்னடத்துலயே பேரு வச்சு போர்டு எழுதிட்டான். லைனை உள்ளாற வுடச் சொல்லிக் கேட்டுகினு கீறான். நான்தான் சொல்ப தாளப்பா, கொஞ்சம் பொறுன்னு நிறுத்தி வச்சிருக்கேன்."

"பேரு கீதுங்க" என்றார் சுந்தரமூர்த்தி. "லோகோவே ரெடி ஆயிடுச்சு. காலேஜ்ல படிச்ச ஆளை வச்சுப் போட்டது."

அன்றைக்குச் சாயங்காலம் கல்லூரியிலிருந்து திரும்பிய ஹரிஷ் முனை பேக்கரியில் கார பன் வாங்க நின்றான். பேக்கரி டிவியில் ஒரு கன்னடக் கதாநாயகன் வில்லனின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். வில்லனின் தலைக்கு மேலே, வலது மூலையில், பச்சை வட்டம். குடிசை. பணிவான ஆன்டெனா. ஹரிஷ் பன்னை வாங்காமலே ஓடினான்.

"நைனா! என் லோகோவ எடுத்து எதுக்குப் போட்ட?"

"நல்லாத்தானேடா கீது."

"அது ப்ராஜெக்ட் நைனா! இல்லாத சேனலுக்குப் போட்டது!"

"நம்புளதும் இல்லாத சேனல்தானே, பேரே இல்லாம. அதான் சேந்துகிச்சு. சும்னே கம்ப்யூட்டர்ல தூங்கிகினு கெடந்தது. டிவியில வந்தா ஒனக்குத்தானே பெருமை?"

"மேடம் பாத்தா?"

"பாத்தா இன்னா, மார்க் கூடப் போடுவாங்க. போடா."

வீணா மேடம் பார்த்தார்.

அவர் அல்சூர் பக்கம் குடியிருந்தார். ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்கு அடுத்த முதல் வீடு. சுந்தரமூர்த்தியின் லைனில் தெளிவாகப் படம் தெரிந்த ஒரே வீடு அதுதான். மற்ற வீடுகளில் லோகோ என்ன சொல்கிறது என்று கோவிந்தப்பா உள்பட யாராலும் படிக்க முடியவில்லை. எழுத்துக்குப் பக்கத்திலேயே அதன் நிழலும் வந்து நின்றது. பெரும்பாலோர் அதைப் பிரியாணிக் கடை முத்திரை என்றே நினைத்திருந்தார்கள்.

வீணா மேடம் ஆங்கிலத்தில் பாடம் எடுப்பார், கன்னடத்தில் வருத்தப்படுவார், கிண்டல் செய்யவேண்டும் என்றால் மட்டும் தமிழுக்கு வருவார். ஸ்டாஃப் ரூமில் ஹரிஷின் ப்ராஜெக்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் தமிழில் ஆரம்பித்ததுமே அவன் கதவுப் பக்கம் ஒரு அடி நகர்ந்துகொண்டான்.

"இதை எங்கேர்ந்து எடுத்தே?"

"நானே போட்டேன் மேடம்."

"நீயே போட்டே. அப்ப நேத்து எங்க வீட்டு டிவியில வந்தது யாரு போட்டது?"

"அது எங்க நைனா மேடம்."

"நைனான்னா?"

"ஃபாதர் மேடம். நான் போட்டதை அவரு எடுத்துப் போட்டாரு."

"உங்க ஃபாதர் சேனல் நடத்துறாரா?"

"இல்ல மேடம். சேனலே இல்ல."

"சேனல் இல்ல. ஆனா நான் பாத்தேன்."

"பாத்தீங்க மேடம். ஆனா இல்ல."

வீணா மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "ஃபிக்‌ஷனல்னா என்ன அர்த்தம் ஹரிஷ்குமார்?"

"இல்லாதது மேடம்."

"இது இருக்கே."

"இருக்குது மேடம். ஆனா இல்லாததுதான்."

பக்கத்து மேஜையில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்த எகனாமிக்ஸ் சார் பேனாவை வைத்துவிட்டுக் கேட்கத் தொடங்கினார்.

"காப்பி அடிச்சே. சரி, எல்லாரும் அடிக்கிறாங்க. ஆனா அவங்க பண்ண ஸ்பெல்லிங் மிஸ்டேக்கையும் சேத்து அடிச்சிருக்கே பாரு, அதுதான் என்னால தாங்க முடியல. இதுல என்ன எழுதியிருக்கு?"

"நம்ம ஹள்ளி மேடம்."

"ஹள்ளி இல்ல. ஹல்லி. சின்ன எல் தட்டினா ல விழும், பெரிய எல் தட்டினாத்தான் ள விழும். ஹல்லி அந்த்ரே ஏனு, கொத்தா? பல்லி. செவுத்துல இருக்குமே, அது. நம்ம பல்லி. குடிசை, விவசாயம், பூமி, கீழே நம்ம பல்லி."

எகனாமிக்ஸ் சார் இருமுவதற்காக வெளியே போனார்.

"ஞாயித்துக்கிழமை நான் மார்க்கெட் போற வழிதான் ஜோகுபாளையா. நானே வந்து பாக்கறேன் இருக்கா இல்லையான்னு. இருந்தா, உனக்கு சொன்னே."

சொன்னே என்றால் பூஜ்ஜியம். இந்த ஒரு கன்னட வார்த்தையை அவன் படிக்காமலே புரிந்துகொண்டான்.

வீட்டில் ராகிக் களியும் கருவாட்டுக் குழம்பும். ஹரிஷ் விஷயத்தைச் சொல்லி முடிக்கும் வரையில் சுந்தரமூர்த்தி களியை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"லோகோவ எடுத்துடு நைனா. ஞாயித்துக்கிழமைக்குள்ள."

"எப்பிடிடா எடுக்கறது? கோவிந்தப்பா சங்கத்துல அல்லாருக்கும் சொல்லிட்டாரு. இப்ப போயி சேனல் இல்லன்னா, மறுநாளே பழனிச்சாமி வயரு உள்ளாற வந்துடும். அப்பறம் நீ படிச்சு இன்னா, படிக்காம இன்னா? ஏணியே இருக்காது புடிக்கறதுக்கு."

"எழுத்தாவது மாத்தலாம்ல? பல்லின்னு இருக்குது நைனா!"

"ஹல்லின்னுதானேடா சொல்லணும்?"

"ஹள்ளி."

"அதான் நானும் சொல்றேன், ஹல்லி."

"ள்ளி நைனா, ள்ளி. நாக்க மடி."

"களி துன்னும்போது நாக்க மடிக்கச் சொல்றான் பாரு" என்று சுந்தரமூர்த்தி மனைவியிடம் முறையிட்டார்.

ரத்தினம்மாள் குழம்பை ஊற்றினாள். "பல்லிதானே, பாம்பா? பல்லி கெவுளி சொன்னா நல்லதுதான். எந்தப் பக்கம் பாத்துகினு கீது?"

"மா, படத்துல பல்லியே இல்லமா! எழுத்துலதான் பல்லி!"

"அப்ப யாருக்குத் தெரியப்போவுது?"

அதுதான் சுந்தரமூர்த்திக்கும் தோன்றியது. மாற்றப்போனால், ஏன் மாற்றினாய், முன்னால் என்ன இருந்தது என்று கேள்வி வரும். காவேரி நேரம். கன்னடத்தைத் தப்பாக எழுதிய தமிழன் என்ற பெயர் பல்லியைவிட வேகமாக ஏறும். கோவிந்தப்பா வீட்டில் படம் கலங்கலாகவே இருக்கும் வரையில் கவலையில்லை. ராஜ்யோத்சவம் முடிந்ததும் லோகோவைச் சத்தமில்லாமல் இறக்கிவிடலாம். ஆகவே டெஸ்மண்டைக் கூப்பிட்டு, தொழிலில் இறங்கிய நாளிலிருந்து ஒரு முறையும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"கோவிந்தப்பா வூட்டு ஜாயின்ட்டைத் தொடாதே."

"ஏண்ணா? தண்ணி எறங்கி பச்சை புடிச்சிருக்கும்."

"புடிக்கட்டும்."

டெஸ்மண்ட் தலையாட்டினான். ஆனால் முகம் வாடிவிட்டது. அந்த வாரம் முழுக்க ஜிட்டிஜிட்டியென்று மழை. கோவிந்தப்பா தினமும் போன் செய்தார். ரத்தினம்மாள் தினமும் "ஆள் வந்துகினே கீது" என்றாள். ஆள் அந்தத் தெருவிலேயே, எதிர்மாடியில், தலையில் பாலிதீன் பை மாட்டிக்கொண்டு, வேறு ஜாயின்ட்டுகளுக்குக் கட்டுப்போட்டபடி கோவிந்தப்பா வீட்டு ஜாயின்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை அவனுக்குத் தாங்கவில்லை. யாரும் பார்க்காதபோது சுவர் தாண்டினான், பல்லால் உரித்தான், புது கனெக்டர் போட்டான், டேப்பின்மேல் இன்னொரு டேப் சுற்றினான். கீழே கோவிந்தப்பாவின் கூடத்தில், அந்த டிவியை வாங்கிய நாளிலிருந்து முதல் முறையாக, எல்லா மூக்கும் ஒற்றையாயின. மூலையில் இருந்த எழுத்தும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சுந்தரமூர்த்தி ஒரு திட்டம் வைத்திருந்தார். மேடம் வந்துபோகும் வரையில் சேனலை அணைத்துவிடுவது, கேட்டால் கரன்ட் இல்லை என்பது. அணைக்க எழுந்தபோது வாசலில் குடையை உதறிக்கொண்டு நின்றவர் கோவிந்தப்பா.

"ஏன்ரீ இது?" உட்காரவில்லை. கூடத்து டிவியை நோக்கிக் கையை நீட்டினார். "ஹல்லி? ராஜ்யோத்சவத்துக்கு எங்க சங்கத்தை ஹல்லியில காட்டப் போறியா? எங்க வூட்டுப் பசங்க காலையிலேர்ந்து டிவியப் பாத்து சிரிச்சுகினு கீது!"

சுந்தரமூர்த்தி, மூலையில் வயர் சுருட்டிக்கொண்டிருந்த டெஸ்மண்டைப் பார்த்தார். டெஸ்மண்ட் கூரையைப் பார்த்தான்.

"உக்காருங்க சார், காப்பி..." என்று ரத்தினம்மாள் ஆரம்பிக்கும்போதே கீரைக்கட்டு தலைநீட்டிய பையுடன் வீணா மேடம் உள்ளே வந்தார்.

"வாங்கம்மா, வாங்க" என்றாள் ரத்தினம்மாள். "ஆம்ப்ளிஃபையர் வூட்டம்மா. ஒங்க வூட்ல தகராறே வராதே? உக்காருங்க, ஆள் இங்கியே கீது."

"நான் ஹரிஷோட லெக்சரர்."

ரத்தினம்மாள் காப்பி டவராவோடு அப்படியே நின்றாள். வீணா மேடம் டிவியைப் பார்த்தார். படிக்குக் கீழே ஓடுகிற டேபிள் ஃபேனைப் பார்த்தார். கோவிந்தப்பாவுக்கு மரியாதைக்கு ஒரு நமஸ்காரம் செய்துவிட்டு சுந்தரமூர்த்தியிடம் திரும்பினார்.

"ஒரே ஒரு கேள்விதான் சார். இந்த சேனல் இருக்கா, இல்லையா?"

"அதையேதான் நானும் கேக்கறேன்" என்றார் கோவிந்தப்பா. "நம்ம ஹள்ளின்னு ஒரு சேனல் இருக்கா, இல்ல எங்களக் கிண்டல் பண்றதுக்கு வச்ச பல்லியா?"

சுந்தரமூர்த்தி கோவிந்தப்பாவைப் பார்த்து, "கீதுங்க" என்றார். அதே மூச்சில் மேடத்தைப் பார்த்து, "இல்லீங்கம்மா" என்றார்.

இரண்டு பதிலையும் இரண்டு பேரும் கேட்டார்கள். டிவியில் யாரோ ஒரு நகைச்சுவை நடிகர் கிணற்றில் விழுந்தார். யாரும் சிரிக்கவில்லை.

"இருக்கா?" என்றார் வீணா மேடம்.

"இல்லையா?" என்றார் கோவிந்தப்பா.

சுந்தரமூர்த்தி ஒரு துணியை எடுத்து டிவியைத் துடைக்க ஆரம்பித்தார். பச்சை வட்டம் இருந்த மூலையையே திரும்பத் திரும்பத் துடைத்தார். தெருமுனைக் கம்பத்தில் தொங்கும் சுருள் அவிழ்கிற சத்தம்கூட அவருக்குக் கேட்டிருக்கும். ஹரிஷ் இதுவரை அவரை இப்படிப் பார்த்ததில்லை. எரிச்சலாகத்தான் வந்தது. எரிச்சலுக்குப் பின்னால் வேறு ஏதோவும் வந்தது. அதற்குப் பெயர் வைக்க நேரமில்லை.

"ரெண்டு சேனல் மேடம்" என்றான்.

"என்னது?"

"ரெண்டு சேனல். கலந்துபோச்சு. ஒரு நிமிஷம்."

படிக்குக் கீழே குனிந்து போனான். பழைய பெயரை அழித்தான். சின்ன எல் தட்டிய இடத்தில் இரண்டு தரமும் பெரிய எல் தட்டினான். கூடத்து டிவியில் பச்சை வட்டம் ஒரு தரம் மறைந்து, திரும்பி வந்தது. கோவிந்தப்பா கிட்டப்போய், மூக்கு திரையில் படும்படி நின்று, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"நம்ம... ஹள்ளி. ம். ஈக சரி ஆய்த்து."

"இது நைனாவோடது" என்றான் ஹரிஷ் வெளியே வந்து. "நம்ம ஹள்ளி. இருக்குது. ராஜ்யோத்சவம் லைவ் இதுலதான். என்னோடது நம்ம ஹல்லி. அது எங்கயும் இல்ல மேடம். இனிமேலும் வராது."

வீணா மேடம் கீரைப் பையைக் கீழே வைத்தார். "உன்னோடது பல்லி?"

"பல்லிதான் மேடம். முதல்லேர்ந்தே."

"அப்ப குடிசை எதுக்கு?"

"பல்லி குடிசையிலயும் இருக்கும் மேடம்."

"பச்சை விவசாயம்னு எழுதியிருக்கே?"

"விவசாயம்னா பூச்சி வரும் மேடம். பூச்சி வந்தா..."

"போதும்."

"எந்த வூட்லயும் டிவிக்கு மேல ஒண்ணு இருக்கும் மேடம். ஆள் எழுந்து போனாலும் அது பாத்துகினே இருக்கும். இதைவிடப் பெரிய ஆடியன்ஸ் இல்ல."

மேடத்தின் உதட்டோரம் என்னவோ ஆயிற்று. உடனே சரிசெய்துகொண்டார். "பொய்யைக்கூட ஒழுங்காத்தான் சொல்றே. சரி, பல்லியவே வரைஞ்சு கொண்டா. ஆனா வைவாவுல எக்ஸ்டர்னல் கேப்பாரு. அவரு முன்னாடி ரெண்டு சேனல் பேரையும் நீ வாயால சொல்லணும். ள வேற, ல வேறன்னு காதுல விழணும். விழலேன்னா ரெண்டும் ஒரே சேனல். காப்பி. சொன்னே."

கோவிந்தப்பா இதற்குள் காப்பியைக் கையில் எடுத்திருந்தார். "சுந்தரமூர்த்தி, நீ சொல்லு பாப்பம். ஹள்ளி."

"ஹல்லி."

"ள்ளி!"

"ல்லி."

"லைவ்ல நீ பேசாதே" என்றார் கோவிந்தப்பா. "எழுத்து போதும்."

ராஜ்யோத்சவம் நடந்தது. கொடி ஏறியது. ஆர்கெஸ்ட்ரா பாடியது. மழை தன் வேலையைச் செய்தது. டெஸ்மண்ட் ஆறு மாடிகளுக்குக் குடை பிடித்தான், மனிதர்களுக்கு அல்ல, ஜாயின்ட்டுகளுக்கு. சுந்தரமூர்த்தி வாயைத் திறக்கவில்லை. பழனிச்சாமி தன் சுருளைக் கம்பத்திலேயே துரு பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போனான்.

ஹரிஷுக்குத்தான் விஷயம் இன்னும் முடியவில்லை. படிக்குக் கீழே, பெட்டிகளின் சூட்டுக்கு வந்து ஒட்டிக்கொண்டிருந்த பல்லிகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தான். வரைவது சுலபமாக இருந்தது. சொல்வதுதான் கஷ்டம். குளிக்கும்போதும் பஸ்ஸிலும் ஹள்ளி, ஹல்லி, ஹள்ளி, ஹல்லி. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து நின்றுகொண்டார். வீட்டில் எல்லோரும் வாத்தியார் ஆனார்கள். ரத்தினம்மாள் ள-வை அழுத்திச் சொல்லி ல-வைக் கோட்டை விட்டாள். சுந்தரமூர்த்திக்கு நாக்கு மடிந்தால் மூச்சு நின்றது. டெஸ்மண்ட் மட்டும் முதல் தடவையே சுத்தமாகச் சொன்னான்.

"எப்பிடி டெஸ்மண்ட்?"

"கம்மனஹள்ளியில ஒரு பொண்ணு கீது" என்றான் டெஸ்மண்ட். "தப்பா சொன்னா பேச மாட்டேங்குது."

வைவா அன்று ஹரிஷுக்குத் தாடை வலித்தது. எக்ஸ்டர்னலாகச் சென்னையிலிருந்து வந்திருந்தவர் வெங்கடராமன். அல்சூர் பக்கத்தில் ஏதோ கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்தார். ப்ராஜெக்ட்டைப் புரட்டினார். எல்லாம் ஆங்கிலத்தில் டைப் அடித்தது. பச்சை வட்டம், டியூப் லைட், அதன் அடியில் தலைகீழாக ஒரு பல்லி. பல்லி கத்தினால் சொன்னது உண்மை என்பார்கள், ஆகவே இது செய்திச் சேனல் என்று ஹரிஷ் எழுதியிருந்த இடத்தில் தலையாட்டினார். பிறகு பெயரைப் பார்த்தார்.

"நம்ம ஹல்லி. இது ஏற்கெனவே இருக்கே? கெஸ்ட் ஹவுஸ் டிவியில வருதே? கீழே இங்கிலீஷ்லயும் ஓடுச்சு, நம்ம ஹல்லின்னு. இதே பச்சை வட்டம்."

"அது வேற சார். அது நம்ம ஹள்ளி. இது நம்ம ஹல்லி."

வெங்கடராமன் அவனைப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதானே?"

ஹரிஷ் நாக்கை மடித்தான். தாடை கிறீச்சிட்டது. "ஹள்ளி. ஹல்லி."

"ஆமா. ஒண்ணுதான். ஸ்பெல்லிங்கும் ஒண்ணு, ஹெச் ஏ எல் எல் ஐ." வெங்கடராமன் பேனாவின் மூடியைக் கழற்றினார். "இருக்கற சேனலுக்கு லோகோ போட்டுட்டு ஃபிக்‌ஷனல்னா எப்படிப்பா? டூப்ளிகேட்."

பேனா மார்க் கட்டத்தின்மேல் வந்து நின்றது.

"சார்!"

குரல் வந்த பக்கம் ஹரிஷ் திரும்பினான். வீணா மேடம் நாற்காலியிலிருந்து எழுந்திருந்தார். ஆங்கிலத்தில் ஆரம்பித்தவர் பாதியில் தமிழுக்கு வந்துவிட்டார். அதில் கிண்டல் இல்லை.

"ரெண்டும் எப்படி சார் ஒண்ணாகும்? ஒண்ணு ஊரு, ஒண்ணு பல்லி! உங்க ஊர்ல பள்ளிக்கூடத்தைப் பல்லிக்கூடம்னு எழுதுவீங்களா? ள-வுக்கும் ல-வுக்கும் வித்தியாசம் தெரியாம ஒரு பையனைக் காப்பின்னு சொல்றது என்ன நியாயம்?"

"மேடம், நான் டிவியில பாத்தேனே..."

"நீங்க பாத்தது அவங்க அப்பாவோடது. அது இருக்கு. இவனோடது இல்ல சார், இல்லவே இல்ல. நானே அவங்க வீட்டுக்குப் போய், உக்காந்து, என் கண்ணால பாத்துட்டு வந்தேன்!"

வெங்கடராமன் பல்லியைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். ஏதோ ஒரு எண்ணைப் போட்டுப் பக்கத்தைப் புரட்டினார். அது ஹால் டிக்கெட்டுக்குப் போதுமான எண்.

மேடம் இன்னும் உட்காரவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு ஹரிஷின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லேன் ஹரிஷ்குமார், இன்னொரு தரம். தெளிவா."

ஹரிஷ் வாயைத் திறக்கவில்லை. பாஸ் ஆகிவிட்ட வாய். இப்போது திறந்தால் நாக்கு எந்தப் பக்கம் விழும் என்று அவனுக்கே நிச்சயமில்லை.